மணலும் மூச்சும்: மணல்வீச்சுத் துப்பாக்கியின் வரலாறு

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் வெற்றிகளையே வரிசைப்படுத்துவர். கண்டறிந்தவர் யார், கண்டறிந்த ஆண்டு எது, அதனால் விளைந்த பயன் யாது என்னும் மூன்று வினாக்களோடு அவ்வரலாறு முடிந்துவிடும். ஆனால், பட்டறையில் நாள்தோறும் கருவியைக் கையாளும் தொழிலாளி அறிந்த வரலாறு வேறு. அது பழுதுகளின் வரலாறு. எங்கே அடைத்தது, எது தேய்ந்தது, எதனால் நின்றது என்பன அவனுக்குத் தெரியும். அப்பழுதுகளுக்குக் கண்ட தீர்வுகளின் தொகுப்பே கருவியின் இன்றைய வடிவம் என்பதும் அவனுக்குத் தெரியும்.

கையில் ஏந்தி இயக்கும் மணல்வீச்சுத் துப்பாக்கியின் வரலாற்றை அத்தொழிலாளியின் கண்கொண்டு காண இக்கட்டுரை முயல்கிறது. இக்கருவியில் நேர்ந்த பழுதுகளுள் பெரும்பாலானவை தோன்றியவுடனே கண்டறியப்பட்டன. சில ஆண்டுகளில் தீர்க்கவும்பட்டன. ஒரே ஒரு பழுது மட்டும் கருவிக்குள் தோன்றாமல், அதைப் பிடித்திருந்த மனிதனின் மார்புக்குள் தோன்றிற்று. அதற்கு முதல் முறையான தடை வருவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின. பல இடங்களில் அது இன்னும் தீர்ந்தபாடில்லை. ஏன் இந்த வேறுபாடு என்பதே நம்முன் நிற்கும் வினா.

கருவியும் அதன் தொழிலும்

துருவேறிய இரும்புத் தகட்டுக்கு அப்படியே வண்ணம் பூசினால் அவ்வண்ணம் நிலைக்காது. சில மாதங்களில் துரு உள்ளிருந்தே புடைத்து வண்ணத்தை உரித்துத் தள்ளிவிடும். ஆகவே, பழைய வண்ணத்தையும் துருவையும் அடியோடு அகற்றி, இரும்பின் மேற்பரப்பைச் சற்றே சொரசொரப்பாக்கிய பின்னரே புது வண்ணம் பூச வேண்டும். சுத்தியலாலும் சுரண்டியாலும் நாட்கணக்கில் செய்த இவ்வேலையைச் சில மணி நேரத்தில் முடிப்பது மணல்வீச்சு.

இதன் தத்துவம் எளியது. அழுத்தி அடைக்கப்பட்ட காற்று ஒரு குறுகிய துளை வழியே பாய்ந்து வெளியேறுகிறது. அப்பாய்ச்சலில் கடினமான சிறு மணிகள் கலக்கப்படுகின்றன. ஒவ்வொரு மணியும் ஒரு நுண்ணிய உளியாகித் தகட்டின்மீது மோதி, தன் பங்குக்கு ஓர் அணுவளவைச் செதுக்கிவிட்டுச் சிதறுகிறது. நொடிக்குப் பல்லாயிரம் உளிகள் ஒரே இடத்தில் விழுந்தால் எப்படியோ, அப்படியே வேலை நடக்கிறது. தொழிலாளர் இதனைச் ‘சேண்ட் பிளாஸ்டிங்’ என்றும், துளையுள்ள முனையை ‘நாசில்’ என்றும் வழங்குவர். ஈண்டு முன்னதை மணல்வீச்சு என்றும், பின்னதைக் குழல்முனை என்றும் குறிப்போம்.

போர்க்களத்திலிருந்து பட்டறைக்கு

இம்முறையைக் கண்டறிந்தவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1821ஆம் ஆண்டில் பிறந்த பெஞ்சமின் டில்மன். சட்டம் பயின்ற அவர் வழக்கறிஞர் தொழிலில் நிலைக்கவில்லை; தம் உடன்பிறந்தாரான ரிச்சர்டைப் போலவே வேதியியலில் நாட்டம் கொண்டார். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது வடபுலத்தின் படையில் சேர்ந்தார். 1863இல் சான்சலர்ஸ்வில் போரில் காயமுற்றார். பின்னர், கறுப்பின வீரர்களைக் கொண்ட ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். போர் முடிந்ததும் மீண்டும் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார். மரத்திலிருந்து காகிதக் கூழ் எடுக்கும் சல்பைட்டு முறைக்கு 1867இல் அவர் பெற்ற காப்புரிமை ஒன்றே அவர் பெயரை நிலைநாட்டப் போதுமானது.

அதன் பின்னரே அவர் மணலின் பக்கம் திரும்பினார். பாலைவனத்தில் காற்று அள்ளி வீசிய மணல் சாளரக் கண்ணாடியை மங்கச் செய்திருந்ததைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1870ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் அமெரிக்க அரசு அவருக்கு மணல்வீச்சு முறைக்கான காப்புரிமையை வழங்கியது. நீராவி, காற்று, நீர் ஆகிய எதன் வேகத்தைக் கொண்டும் மணலை உந்தலாம் என்பது அவர் கொள்கை. தொடக்கத்தில் அவர் பெரிதும் நம்பியது நீராவியைத்தான்.

அவர் செய்துகாட்டிய சோதனைகளுள் ஒன்று தமிழாசிரியர்க்குத் தனிச்சுவை தருவது. சாதாரண மணலைக் கொண்டே அவர் குருந்தக்கல்லைத் துளைத்தார். ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என வழங்கும் சொல் நம் ‘குருந்தம்’ என்னும் சொல்லிலிருந்து சென்றதே என்பது சொல்லாய்வாளர் கருத்து. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவையில் மணலின் எண் 7. குருந்தத்தின் எண் 9. மென்மையானது வன்மையானதை அறுப்பது எங்ஙனம்? வேகத்தால். கடினம் மட்டுமே ஒரு பொருளின் ஆற்றல் அன்று, வேகமும் ஆற்றலே என்பதை உலகம் கண்கூடாகக் கண்டது.

இதற்கு நேர்மாறான மற்றொரு புதுமையும் அப்போதே வெளிப்பட்டது. கண்ணாடியை அரிக்கும் அம்மணல், அதன்மேல் ஒட்டிய இரப்பரையோ, பின்னல் துணியையோ, ஓர் இலையையோ எளிதில் அரிப்பதில்லை. வெள்ளத்தில் பெருமரம் வேரோடு சாய, நாணல் வளைந்து தப்புவது போன்றது இது. வன்பொருள் மோதலை ஏற்று உடைகிறது. மென்பொருள் நெகிழ்ந்து கொடுத்து மணியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே, கண்ணாடியின்மீது ஒரு பின்னல் துணியை விரித்து மணலை வீசினால், அப்பின்னலின் கோலம் முழுதும் கண்ணாடியில் பதிந்துவிடும். கண்ணாடி அலங்காரத் தொழில் இதனால் புதுவாழ்வு பெற்றது.

பெயர் பொறித்த கற்கள்

மணல்வீச்சு முதன்முதலில் பேரளவில் பயன்பட்ட பணிகளுள் ஒன்று, அதைக் கண்டறிந்தவரின் வாழ்வோடு வியப்பூட்டும் வகையில் பின்னியிருக்கிறது. உள்நாட்டுப் போரில் மாண்ட வடபுலத்து வீரர்களின் கல்லறைகளில் முதலில் மரப்பலகைகளே நடப்பட்டிருந்தன. அவை சில ஆண்டுகளில் உளுத்துப் போயின. அவற்றுக்கு மாற்றாகச் சலவைக்கற்கள் நடுவதற்கு 1873இல் அமெரிக்கப் பேராயம் பத்து இலட்சம் டாலர் ஒதுக்கியது. தேவைப்பட்டவையோ இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பெயர். சிற்பியின் உளி இத்தனை பெயர்களைச் செதுக்குவதென்றால் ஒரு தலைமுறை கடந்துவிடும்.

வெர்மாண்ட் மாநிலத்தின் சலவைக்கல் நிறுவனம் ஒன்று டில்மனின் முறையைக் கையாண்டது. இரும்பில் வார்த்த எழுத்துகளைக் கல்லின்மீது அடுக்கி, அதன்மேல் மணலை வீசினர். எழுத்து மூடியிருந்த இடம் தப்பியது. சூழ்ந்திருந்த கல் அரிந்து பள்ளமாயிற்று. எழுத்தை எடுத்தபோது வீரனின் பெயர் கல்லில் புடைத்து நின்றது. போரில் காயமுற்றுப் பிழைத்த ஒரு படைத்தலைவரின் கண்டுபிடிப்பு, போரில் பிழைக்காத வீரர்களின் பெயர்களை அழியாமல் காத்தது. கருவியின் வரலாற்றில் இது ஒளி மிகுந்த பக்கம்.

உறிஞ்சலும் உந்தலும்

நீராவிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அது ஈரத்தையும் உடன்கொண்டு வந்தது. ஈரம் பட்ட மணல் கட்டிதட்டும். ஈரம் பட்ட இரும்பு மீண்டும் துருப்பிடிக்கும். இக்குறைக்குத் தீர்வாக வந்தது அழுத்தக்காற்று. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 1871இல் திறக்கப்பட்ட மோன் செனி சுரங்கப்பாதையில் துளைக்கருவிகளை இயக்கிக் காட்டிய அழுத்தக்காற்று, பின்னர்ப் பட்டறைகளுக்கும் பரவியது. காற்றழுத்திகள் மலிந்தபின் நீராவி இத்தொழிலிலிருந்து மெல்ல விடைபெற்றது. 1904இல் அமெரிக்காவில் தாமஸ் பாங்போர்ன் தொடங்கிய நிறுவனம் போன்றவை அழுத்தக்காற்றால் இயங்கும் கருவிகளை வார்ப்படச் சாலைகளுக்குக் கொண்டு சேர்த்தன.

அழுத்தக்காற்றால் இயங்கும் கருவிகள் இரு வகைப்படும். முதல்வகை உறிஞ்சல் வகை. கையில் பிடிக்கும் சிறு துப்பாக்கிகள் பெரும்பாலும் இவ்வகையின. துப்பாக்கிக்குள் ஒரு சிறு துளை வழியே காற்று விரைந்து பாய்கிறது. விரைந்து பாயும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. இவ்வுண்மையை டேனியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட நூலிலும், ஜொவான்னி வெஞ்சுரி 1797இல் வெளியிட்ட ஆய்விலும் காணலாம். அழுத்தம் குறைந்த அவ்விடத்துக்கு, மணல் தொட்டியிலிருந்து வரும் குழாய் இணைக்கப்பட்டிருக்கிறது. நாம் இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சுவது போலக் கருவி மணலை உறிஞ்சிக்கொள்கிறது.

இரண்டாம் வகை உந்தல் வகை. இதில் மணல் தொட்டியே மூடப்பட்டுக் காற்றழுத்தத்தின்கீழ் வைக்கப்படுகிறது. மணலும் காற்றும் தொட்டியிலிருந்தே ஒன்றாய் உந்தப்பட்டு நீண்ட குழாய் வழியே குழல்முனைக்கு வருகின்றன. வேகம் மிகுதி, வேலையும் மிகுதி. கப்பலின் அடிப்பக்கம், பாலத்தின் தூண், எண்ணெய்க் கலம் ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது.

பழுதுகள் கற்பித்த பாடம்

இனி, பழுதுகளைக் காண்போம். துப்பாக்கியிலிருந்து காற்று வருகிறது, மணல் வரவில்லை என்பதே தொழிலாளி முதலில் சந்திக்கும் முறையீடு. காரணம் பெரும்பாலும் ஈரம். காற்றை அழுத்தும்போது அது சூடேறுகிறது. குழாய் வழியே வரும்போது குளிர்கிறது. குளிரும்போது அதிலுள்ள நீராவி துளிகளாகிறது. மலேசியாவையும் சிங்கப்பூரையும் போன்ற ஈரக்காற்று மிகுந்த நாடுகளில் இத்தொல்லை பன்மடங்காகும். துளிகள் மணலில் கலந்து சேறாகிக் குழாயை அடைக்கின்றன. குழாய்வழியில் நீர்ப்பிடிப்பான் பொருத்தி, அதிலுள்ள நீரை அவ்வப்போது திறந்துவிடுவதும், மணலைச் சலித்து உலர்த்திய பின்னரே தொட்டியில் இடுவதும் இதனால் விதியாயின. உறிஞ்சல் வகையில் அடைப்பு நேர்ந்தால், தடித்த இரப்பர்த் துண்டால் குழல்முனையை ஒரு கணம் மூடுவர். வெளியேற வழியின்றித் திரும்பும் காற்று, மணல் குழாய் வழியே பின்னோக்கிப் பாய்ந்து அடைப்பைத் தள்ளிவிடும். கையுறை அணிந்திருந்தாலும் விரலால் மூடுதல் கூடாது.

மணல் வருகிறது, ஆனால் விட்டுவிட்டு வருகிறது என்பது அடுத்த முறையீடு. மணல் அளவுக்கு மிஞ்சிக் கலந்தாலும், காற்றழுத்தி போதுமான காற்றைத் தராவிட்டாலும் இது நேரும். மணலைக் கூட்டினால் வேலை விரையும் எனப் பழகாத கை எண்ணும். பழகிய கை மணலைக் குறைக்கும். உறிஞ்சும் திறனே குன்றிவிட்டதாயின், மணல் குழாயில் எங்கோ ஓட்டை விழுந்து வெறுங்காற்றை இழுக்கிறது எனலாம். அன்றேல், உள்ளிருக்கும் காற்றுத்துளையும் குழல்முனையும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை எனலாம்.

எல்லாவற்றிலும் பெரிய பழுது தேய்மானம். பிறவற்றைத் தேய்க்கும் மணல் தன்னைச் செலுத்தும் குழல்முனையையும் தேய்க்கிறது. கால் அங்குலத் துளை ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு விரிந்தால், பார்வைக்கு அது அற்பம். ஆனால், துளையின் பரப்பு நூற்றுக்கு 56 பங்கு கூடிவிடுகிறது. அதற்கேற்பக் காற்றின் தேவையும் கூடுகிறது. காற்றழுத்தியால் ஈடுகொடுக்க முடியாமல் அழுத்தம் வீழ்கிறது. ‘கருவி கெட்டுவிட்டது’ என்று தொழிலாளி கூறுவான். கெட்டது கருவியன்று, துளை. இப்பழுதே குழல்முனையின் வரலாற்றை நடத்திச் சென்றது. இரும்புக்குப் பின் பீங்கான், அதன்பின் 1920களின் இறுதியில் வாணிகத்துக்கு வந்த டங்ஸ்டன் கார்பைடு, அதனினும் வலிய போரான் கார்பைடு என ஒன்றன்பின் ஒன்றாய்ப் பொருள்கள் மாறின. வடிவமும் மாறியது. நேரான துளைக்குப் பதிலாக, இடையில் ஒடுங்கி முனையில் விரியும் வெஞ்சுரி வடிவம் 1950களில் புகுந்தது. அதே காற்றைக் கொண்டு மணிகள் கூடுதல் வேகத்தோடு, அகன்ற பரப்பில் சீராக விழுந்தன.

தொழிலாளி தடுமாறி விழுந்தால், கையினின்றும் நழுவிய குழாய் சீறும் பாம்பாகிக் கண்டவரைத் தாக்கும். அதற்காகப் பிடியில் ஒரு நெம்பி வந்தது. பிடித்திருக்கும் வரை மணல் பாயும். பிடி தளர்ந்த கணமே நின்றுவிடும். இவ்வாறு ஒவ்வொரு பழுதும் ஓர் உறுப்பாயிற்று. நீர்ப்பிடிப்பான் ஈரத்தின் நினைவுச்சின்னம். கார்பைடு முனை தேய்மானத்தின் நினைவுச்சின்னம். பிடியின் நெம்பி, என்றோ எவனோ பட்ட காயத்தின் நினைவுச்சின்னம்.

கண்ணுக்குப் புலப்படாத பழுது

இவை அனைத்தும் கருவி நின்றபோது தெரிந்த பழுதுகள். கருவி நன்றாக ஓடும்போதே நேர்ந்த பழுது ஒன்று உண்டு. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்சு. அதாவது, தனித்த சிலிக்கா. தகட்டில் மோதும் மணி, தானும் நொறுங்குகிறது. நொறுங்கிய துகள்களுள் பெரியவை தரையில் விழுகின்றன. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் சிறியவை காற்றில் மிதக்கின்றன; கண்ணுக்குத் தெரிவதில்லை; மூச்சோடு நுரையீரலின் அடியாழம் வரை சென்று தங்கிவிடுகின்றன. மென்பொருள் மணலைத் திருப்பி அனுப்பும் என மேலே கண்டோம். நுரையீரலும் மென்பொருளே, எனினும், அது திருப்பி அனுப்புவதில்லை. தங்கிய துகளைச் சுற்றி வடுக்கள் உருவாகின்றன. வடு பெருகப் பெருக மூச்சு சுருங்குகிறது. காசநோய் எளிதில் பற்றுகிறது. இந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். வடுவுற்ற நுரையீரலை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை.

இதை எவரும் அறிந்திருக்கவில்லை எனச் சொல்ல முடியாது. சுரங்கத்துத் தூசி நுரையீரலைத் தின்பதையும், கார்பேத்திய மலைச் சுரங்கங்களில் ஒரே பெண் ஏழு கணவரை அடுத்தடுத்து இழந்து மணந்ததையும் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா 1556இல் வெளிவந்த தம் நூலில் குறித்திருக்கிறார். இத்தாலிய மருத்துவர் ரமாஸ்ஸினி 1700இல் கல்தச்சரின் நெஞ்சு நோயை எழுதினார். இவை எல்லாவற்றையும்விட நம் கருத்தைக் கவர்வது ஓர் ஒற்றுமை. டில்மன் மணல்வீச்சுக்குக் காப்புரிமை பெற்ற அதே 1870ஆம் ஆண்டில்தான், மிலான் நகர மருத்துவமனையில் பிணக்கூறு ஆய்வு செய்துவந்த அக்கில்லே விஸ்கொந்தி இந்நோய்க்குச் ‘சிலிக்கோசிஸ்’ என்னும் பெயரை வழங்கினார். கருவியும் நோயின் பெயரும் ஒரே ஆண்டில் பிறந்தன. ஆயினும், ஒன்றையொன்று சந்திக்க அவற்றுக்கு நெடுங்காலம் பிடித்தது.

ஏன்? காரணம் மூன்று எனலாம். முதலாவது, நோயின் மெல்லிய நடை. அடைத்த குழாய் அந்நொடியே வேலையை நிறுத்தும். அடைத்த நுரையீரல் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்குப் பின்னரே மனிதனை நிறுத்தும். அதற்குள் அவன் வேறு பட்டறைக்கோ, சொந்த ஊருக்கோ சென்றிருப்பான். மிகுதியான தூசியில் உழைப்போர்க்கு ஓரிரு ஆண்டுகளில், சில வேளை அதற்கும் முன்னரே நோய் முற்றுவதுண்டு. ஆனால், அப்போதும் காசநோய் என்றே பலர் கருதினர். இரண்டாவது, மணலின் மலிவு. மாற்று இல்லாமல் இல்லை. உருகிய இரும்பைச் சிதறடித்துக் குளிர்வித்த குறுமணிகளைக் கல்லறுக்கும் தொழிலுக்கு ஆக்கித் தந்தவர் டில்மனே ஆவார். அமெரிக்கர் எட்வர்டு ஆச்சிசன் 1891இல் சிலிக்கன் கார்பைடைக் கண்டறிந்தார். செயற்கைக் குருந்தமும் அடுத்த சில ஆண்டுகளில் வந்தது. எனினும், ஆற்றிலும் கடற்கரையிலும் கிடக்கும் மணலோடு அவை விலையில் போட்டியிட முடியவில்லை. மூன்றாவது காரணமே நம்மை நாணச் செய்வது. குழல்முனை தேய்ந்தால் செலவு முதலாளியுடையது. நுரையீரல் தேய்ந்தால் செலவு தொழிலாளியின் குடும்பத்துடையது. எவருக்குச் செலவோ அவருக்கே அவசரம்.

விதிகள் வந்த வழி

1930இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய பன்னாட்டு மாநாடு சிலிக்கோசிஸை உலகறியச் செய்தது. 1936இல் பிரிட்டனின் தொழிற்சாலை மருத்துவ ஆய்வாளர் மெரிவெதர், மணல்வீச்சுத் தொழிலாளரை இந்நோய் எந்த அளவு பற்றுகிறது என்பதைத் தனியே ஆய்ந்து வெளியிட்டார். பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. 1949இல்தான் பிரிட்டன், வார்ப்புகளைத் தூய்மை செய்யும் வீச்சுப் பணியில் தனித்த சிலிக்கா அடங்கிய மணலை விலக்கும் சிறப்பு விதிகளை இயற்றியது. 1870லிருந்து கணக்கிட்டால் எழுபத்தொன்பது ஆண்டுகள்.

அமெரிக்காவில் பணியிட உடல்நல ஆய்வு நிறுவனம் 1974இல் இத்தகைய தடையைப் பரிந்துரைத்தது. 1992இல் மீண்டும் எச்சரித்தது. 1997இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மூச்சோடு உட்புகும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் விளைப்பவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. அமெரிக்கா 2016இல் இயற்றிய விதி, காற்றில் ஒரு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வரம்பு கட்டியதேயன்றி, மணலை அறவே விலக்கவில்லை.

இவ்வளவு தெரிந்த பின்னரும் இப்பழுது புதிய உருவில் தலைதூக்கியது. புத்தம் புதிய ஜீன்ஸ் காற்சட்டையைப் பழையது போல் வெளுக்கச் செய்யும் நாகரிகம் பரவியபோது, துருக்கியில் சிறு பட்டறைகள் மணல்வீச்சுத் துப்பாக்கியைத் துணியின்மேல் திருப்பின. காற்றோட்டமில்லாத அறைகளில், முறையான முகக்கவசமின்றிக் கிராமத்து இளைஞர்கள் இவ்வேலையைச் செய்தனர். 2005இல் துருக்கிய மருத்துவர்கள் முதல் நோயாளிகளைப் பற்றி எழுதினர். இருபது வயதை எட்டிய நிலையிலேயே பலர் மூச்சிழந்தனர். 2009இல் துருக்கி அரசு இதனைத் தடை செய்தது. 2010இல் பெரும் ஆடை நிறுவனங்கள் சில இம்முறையைக் கைவிடுவதாக அறிவித்தன. கப்பலுக்கேனும் துரு அகற்றுவது இன்றியமையாதது. காற்சட்டைக்கு நேர்ந்த இன்றியமையாமை என்ன?

நம் பக்கத்துச் செய்தி

இவ்வரலாற்றில் தமிழர்க்கும் இடமுண்டு. சிங்கப்பூரின் கப்பல் பட்டறைகளில் கப்பலின் அடிப்பக்கத்தைத் துடைத்து வண்ணம் பூசும் கடும்பணியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பலர் உழைத்துவருகின்றனர். அங்கே வீச்சுப் பணிக்கென 2008இல் தனி விதிகள் இயற்றப்பட்டன. தனித்த சிலிக்கா அடங்கிய மணலுக்கு அவற்றில் இடமில்லை. மணலின் இடத்தைச் செப்புக் கசடும் கார்னெட்டும் பிடித்துக்கொண்டன. ‘மணல்வீச்சு’ என்ற பெயர் மட்டும் மணல் போன பின்னும் நிலைத்திருக்கிறது.

அக்கார்னெட் நமக்கு அயலானதன்று. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைகளில் அலை ஒதுக்கும் செந்நிறக் குறுமணி அதுவே. நெடுங்காலம் அது அள்ளிப் பிரிக்கப்பட்டு, வீச்சுப் பணிக்கெனப் பல நாடுகளுக்குக் கப்பலேறியது. 2013இல் தமிழக அரசு கடற்கரைக் கனிம மணல் எடுப்பதை நிறுத்தியது. கார்னெட்டிலும் சிலிக்கா உண்டு. ஆனால், அது பிற தனிமங்களோடு பிணைந்து கிடக்கிறது, தனித்து நிற்பதில்லை. வேதியியல் வகுப்பில் ‘சேர்மம்’ என்னும் சொல்லை விளக்கும் ஆசிரியர்க்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு அரிது. ஒரே சிலிக்கா, தனித்து நின்றால் உயிரைக் குடிக்கும். பிணைந்து நின்றால் அத்தீங்கு பெரிதும் அடங்கும்.

எனினும், மாற்று மணிகள் வந்துவிட்டன என்று அமைதி கொள்வதற்கில்லை. செப்புக் கசட்டில் நச்சு உலோகங்கள் சிறிதளவு கலந்திருக்கலாம். அகற்றப்படும் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். ஆகவே, தூய காற்றைக் குழாய் வழியே உள்ளே செலுத்தும் தலைக்கவசமும், தூசியை இழுத்து வெளியேற்றும் அமைப்பும் எந்த மணியைக் கொண்டு வீசினாலும் தேவையே.

முடிவுரை

மணல்வீச்சுத் துப்பாக்கியைப் பழுது பார்ப்பவன் கேட்கும் முதல் வினா, ‘ஏன் மணல் வரவில்லை?’ என்பது. இவ்வினாவுக்கு ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் மனிதன் சிறந்த விடைகளைக் கண்டுவிட்டான். ஈரத்தை வென்றான், தேய்மானத்தை வென்றான், குருந்தத்தையும் துளைத்தான். ஆனால், ‘வந்த மணல் எங்கே போயிற்று?’ என்னும் இரண்டாம் வினாவை அவன் நெடுங்காலம் கேட்கவேயில்லை. மாண்டவரின் பெயரைக் கல்லில் பொறித்த அதே மணல், அதை வீசியவரின் மூச்சையும் பறிக்க வல்லது என்பதை அறிந்த பின்னும் வாளாவிருந்தான்.

கருவிகளின் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும்போது, இவ்விரு வினாக்களையும் இணைத்தே கற்பிக்க வேண்டும். பட்டறைக்கோ, தொழிற்கல்விக் கூடத்துக்கோ செல்லவிருக்கும் மாணவன், கருவியைக் கையில் எடுக்குமுன் குழாயையும் முனையையும் சோதிப்பது போலவே, தொட்டியில் இருக்கும் மணி எது, எழும் தூசி எந்த வழியாக வெளியேறும் என்பதையும் கேட்டறியும் பழக்கம் பெற வேண்டும். விடை கிடைக்காதவரை நெம்பியை அழுத்தாதிருக்கும் துணிவும் அவனுக்கு வேண்டும். அத்துணிவைப் பயிற்றுவதும் கல்வியே.